முசேயின் கழுத்து மணி

கொசு கடித்தாலும் எனக்குச் சொறியும் பழக்கம் இல்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். கடித்த இடம் கொஞ்ச நேரம் அரிக்கும், பிறகு தானாக அடங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. விசாரணைக் குழுவில் ஒருவர் என்னிடம் முதலில் கேட்டது, அரிப்பு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்பதுதான். அதற்கான பதிலை எழுத்தில் தரச் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் தணிகாசலம். வயது நாற்பத்தேழு. நெல்லித்தோப்பில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். ஒவ்வாமையால் தோல் நோய் வந்த நாய்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தருமா என்று பார்க்கும் ஆய்வில் தகவல் பதிவாளராக வேலை பார்த்தேன். ஆய்வின் தலைவர் டாக்டர் இளஞ்செழியன். ஊசி போடுவதும் எடை பார்ப்பதும் கலைவாணி. நாயைத் தொட வேண்டிய அவசியமே இல்லாத வேலை என்னுடையது.

ஆரோக்கியமான ஒரு நாயின் கொழுப்பிலிருந்து செல்களை எடுத்து, வளர்த்து, உறைய வைத்திருந்தோம். ஆய்வில் இருபத்து நான்கு நாய்கள். பன்னிரண்டுக்கு அந்தச் செல்கள், மற்ற பன்னிரண்டுக்கு வெறும் உப்புநீர். எந்த நாய்க்கு எது என்பது டாக்டர் உட்பட எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் அரக்கு வைத்த உறைக்குள் பூட்டியிருந்தது. நாயை வளர்ப்பவர்களுக்கும் இதை விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். உங்கள் நாய்க்குக் கிடைப்பது மருந்தாக இருக்கலாம், மருந்து மாதிரி ஒன்றாகவும் இருக்கலாம், எது என்று கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டோம்.

தினமும் மாலை ஆறு மணிக்கு நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வேன். இன்று நாய் எவ்வளவு சொறிந்தது என்பதற்கு அவர்கள் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் நோயில்லாத நாய்களைப் போல. பத்து என்றால் சாப்பிடும்போதுகூட நிறுத்தவில்லை. பெரும்பாலானவர்கள் "அஞ்சு போடுங்க சார்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். நாயைத் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

சாரம் பகுதியில் இருக்கும் சுலோசனா அம்மாள் அப்படி இல்லை. அவருக்கு அறுபத்து மூன்று வயது. மில்லில் நூற்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். மில் மூடிய பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமைத்தார். அந்த மனிதர் தன் ஊருக்குத் திரும்பும்போது நாயை இவரிடம் விட்டுப் போய்விட்டார். அதற்கு வைத்திருந்த பெயர் இவர் வாயில் நுழையவில்லை. எஜமானரை முசே, முசே என்று, அதாவது பிரெஞ்சில் ஐயா என்று, கூப்பிட்டுப் பழகிய வாய். அவர் விமானம் ஏறியதும் அந்தப் பெயர் நாய்க்கு வந்துவிட்டது. பெயரோடு மரியாதையும் வந்துவிட்டது. "முசே சாப்ட்டாரு", "முசே கோவமா இருக்காரு" என்றுதான் சொல்வார். என் பதிவேட்டிலும் சில இடங்களில் 'அவர்' என்று விழுந்திருக்கிறது. அதைப் பிழையாகக் கருத வேண்டாம்.

சுலோசனா அம்மாளுக்கு இந்த ஆய்வில் சேர ஒரு காரணம் இருந்தது. மகள் தாமரைச்செல்வி கர்ப்பமாக இருந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். மருமகன் பிரேம்குமார், புண் பிடித்த நாய் கிடக்கிற வீட்டில் என் குழந்தை கிடக்காது என்று சொல்லிவிட்டார். எட்டாம் மாதத்துக்குள் முசே குணமாக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போக வேண்டும். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

முதல் நாள் அவரிடம் எண் கேட்டபோது, "எத்தனைன்னா எப்படிச் சொல்றது தம்பி" என்றார்.

"சும்மா ஒரு உத்தேசமா சொல்லுங்கம்மா."

"உத்தேசமா சொல்லிப் பழக்கம் இல்லியே. மில்லுல இழை அறுந்தா எண்ணித்தான் எழுதுவோம். உத்தேசமா எழுதினா மேஸ்திரி விட மாட்டாரு."

மறுநாள் ஆறு மணிக்கு முசேயின் கழுத்தில் ஒரு சிறிய வெண்கல மணி இருந்தது. சொறிந்தால் மணி ஆடும். "இருங்க தம்பி, எண்ணிச் சொல்றேன்" என்று போனை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டார். முசே சொறிய ஆரம்பித்தால் நிறுத்தும்வரை எண்ணுவது அவர் முறை. அதுவரை நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பக்கம் அவர் பேசவில்லை. இந்தப் பக்கம் நான் பேசவில்லை. நடுவில் மணி மட்டும். நான்கு நிமிடம் கழித்து, எண்ணியதைப் பத்துக்குள் சுருக்கி, "ஏழு போட்டுக்குங்க" என்றார்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. மற்றவர்கள் பேச்சு நின்றதும் சங்கடப்பட்டு எதையாவது கேட்பார்கள், அல்லது எழுந்து போவார்கள். என்னோடு நான்கு நிமிடம் சும்மா இருந்த முதல் மனுஷி அவர்தான். முதல் மாதம் ஊசி எதுவும் கிடையாது, வெறும் கவனிப்பு. முப்பது நாளும் ஆறு மணிக்கு நாங்கள் அப்படி இருந்தோம். இருபத்தாறாம் நாள் 'இருங்க தம்பி' என்பது 'இரு தம்பி' ஆனது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பிறகு ஊசி போட்டார்கள். இரண்டாவது வாரத்தில் ஐந்து. அடுத்து மூன்று. அடுத்து ஒன்று. புண்கள் காய்ந்து, வயிற்றில் மயிர் முளைத்துவிட்டதாகக் கலைவாணி படம் எடுத்து வந்து காட்டினார். ஐம்பத்தெட்டாம் நாள் நான் போன் செய்தபோது சுலோசனா அம்மாள் ஓடிவந்து எடுத்தது போல இருந்தது.

"சைபர் தம்பி. இன்னைக்கு ஒரு வாட்டி கூட இல்ல. வெச்சிடட்டுமா? முசே வெளிய போவணும்னு நிக்கறாரு."

அழைப்பு பதினோரு விநாடி நீடித்தது. மறுநாள் ஒன்பது விநாடி. அதற்கு மறுநாள், "மணிய கழட்டிடலாம்னு பாக்கறேன், இனிமே எதுக்கு" என்றார். ஆய்வு முடியும்வரை கழற்றக் கூடாது, அது விதி என்றேன். அப்படி ஒரு விதி இல்லை.

முசேக்கு நோய் வர வேண்டுமென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. மணி கேட்க வேண்டுமென்று மட்டுமே நினைத்தேன். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இந்த வேறுபாட்டைக் குழு கவனத்தில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

எந்த நாய்க்கு எது ஆகாது என்ற பரிசோதனை முடிவு என் கணினியில் இருந்தது. முசேக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பழைய தலையணையில் வாழும், மனிதத் தோலிலிருந்து உதிரும் பொருக்கைத் தின்னும், வெயிலில் போட்டால் செத்துவிடும். என் தலையணைக்கு வயது பதினான்கு. அதை வெயிலில் போடும் யோசனை எனக்கு வந்ததே இல்லை. உறையைப் பிரித்து, பஞ்சைச் சிறு மெத்தையாகத் தைத்து, நீலத் துணி போர்த்தி, மூலையில் எங்கள் ஆய்வு மையத்தின் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரத்துக்கு எடுத்துப் போனேன்.

சுலோசனா அம்மாள் மெத்தையை வாங்கி இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பழைய பஞ்சு தம்பி இது. பத்துப் பதினஞ்சு வருசம் ஆவும். ஆள் படுத்த பஞ்சு."

"ஆய்வுக்கானதும்மா. முசே இதுலதான் படுக்கணும். வெயில்ல போடக் கூடாது, உதறக் கூடாது."

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு மெத்தையைச் சுவரோரம் விரித்தார். எனக்கு மோர் கொடுத்தார். முசே வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டு மெத்தையில் ஏறிப் படுத்துக்கொண்டது. சுலோசனா அம்மாள் சிரித்தார். "பாத்தியா, புடிச்சிருக்கு அவருக்கு."

ஒரு வாரத்தில் இரண்டு. பிறகு நான்கு. பிறகு ஆறு. அழைப்புகள் நீண்டன. எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு நாள் எண்ணி முடித்த பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு தம்பி. அவருக்குப் போட்டது பொய் ஊசி. மெத்தைதான் மருந்து. அதான் பழைய பஞ்சுல என்னமோ கலந்து வெச்சிருக்கீங்க."

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதும்மா."

"நீ சொல்ல வேணாம். கேக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். மருந்து புடிக்கறப்ப மொதல்ல அதிகமாத்தான் ஆவும், எனக்குத் தெரியாதா?"

எது மருந்து, எது மருந்தில்லை என்று சொல்வது உண்மையிலேயே விதிக்கு எதிரானது. நான் விதியை மீறவில்லை. அதன் பிறகு அவர் பகலிலும் முசேயை மெத்தையில் படுக்க வைத்தார். எழுந்து போனால் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க முசே, கொழந்த வர்றதுக்குள்ள சரியாயிடும்" என்று தடவிக் கொடுப்பது போனில் கேட்கும். அழைப்பு ஏழு நிமிடம், எட்டு நிமிடம் என்று ஆனது. என் வாழ்க்கையில் யாரோடும் தினமும் எட்டு நிமிடம் இருந்ததில்லை.

டாக்டர் இளஞ்செழியன் கவலைப்பட்டார். நன்றாக ஆகிக்கொண்டிருந்த ஒரு நாய் மட்டும் ஏன் திரும்பியது, அந்த வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார். எனக்கும் உறுத்தியது. ஒரு நாய்க்கு மட்டும் மெத்தை கொடுப்பது பாரபட்சம். ஆய்வில் எல்லா நாய்களுக்கும் ஒரே நிலைமை இருக்க வேண்டும் என்று டாக்டரே பலமுறை சொல்லியிருக்கிறார். எனவே ஒத்துழைப்புக்கு நன்றியாக எல்லா வீட்டுக்கும் ஒரு மெத்தை கொடுக்கலாம், முதலாவதைச் சாரத்தில் கொடுத்துப் பார்த்தேன், நாய்க்குப் பிடித்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். டாக்டர் என் தோளைத் தட்டினார். "இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார்.

இருபத்து மூன்று மெத்தைகள் தேவைப்பட்டன. எங்கள் தெருவில் பழைய மெத்தை பிரித்துத் தைக்கும் அம்மாவாசை என்பவரிடம் கழித்துப்போட்ட பஞ்சைக் கேட்டேன்.

"இத எடுத்துட்டுப் போயி என்னா சார் பண்ணப் போற? கொளுத்தத்தான் வெச்சிருக்கேன்."

"நாய்ங்களுக்கு."

"ஏன் சார், அதுங்க என்னா பாவம் பண்ணுச்சு?"

ஒவ்வொரு மெத்தையிலும் என் தலையணைப் பஞ்சில் மீதி வைத்திருந்ததிலிருந்து ஒரு பிடி சேர்த்தேன், பாலுக்குத் தயிர் உறை ஊற்றுவது போல. பிறகு அந்த உண்ணிகள் பெருகுவதற்குத் தீனி வேண்டும். முறை வைத்து ஒவ்வொன்றின் மேலும் படுத்தேன். கை கால்களைச் சொரசொரப்பான துண்டால் தேய்த்து உதிர்வதை அதன்மேல் தூவினேன். கடற்காற்றின் ஈரம் உதவியது. ஐந்து வாரம் உழைத்தேன். அந்த நாட்களில் என் முன்கைகளில் சிவப்புக் கோடுகள் இருந்ததாகக் கலைவாணி சாட்சியம் சொல்லியிருக்கிறார். மாடிப்படிச் சுவரில் உராய்ந்திருக்கும்.

மெத்தைகள் போய்ச் சேர்ந்தன. எல்லா நாய்களுக்கும் ஒரே மாதிரி பலிக்கவில்லை. வைத்திக்குப்பத்தில் ஒரு நாய்க்கு மகரந்தம் மட்டும்தான் ஆகாது. அது மெத்தையில் சுகமாகத் தூங்கியது. அதை ஒரு குறையாகவே கருதினேன். மற்றபடி என் வரைபடத்தில் சொறியும் எண்களின் கோடு சீராக ஏறியது. செல் வாங்கியவை, உப்புநீர் வாங்கியவை என்ற வித்தியாசம் இல்லாமல் ஏறியது. கோரிமேட்டில் ஒரு கிழட்டு நாயைப் புண்ணில் சீழ் வைத்த பிறகு ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் அன்று மாலையும் என் போனை எடுத்தார். அவரிடம் எண் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

நூற்று அறுபதாம் நாள் ஆய்வை நிறுத்தினார்கள். உறையைப் பிரித்தபோது முசேக்குப் போட்டது உண்மையான செல்கள் என்று தெரிந்தது. செல் வாங்கிய பன்னிரண்டில் பத்து நாய்கள், மெத்தை போவதற்கு முந்தைய நாள் இரண்டுக்குக் கீழே இருந்தன. 'பலன் ஏற்படுகிறது, ஆனால் நிலைப்பதில்லை' என்று டாக்டர் அறிக்கை எழுதினார். அந்த வாக்கியத்தில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவன் நான். செல்களை வைத்திருந்த உறைபெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "பதினோரு வருசம் தணிகாசலம்" என்றார். நானும் அவரோடு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதில் மணி இல்லை.

ஆய்வு நின்றாலும் ஆறு மணிக்குச் சாரத்துக்கு மட்டும் போன் செய்துகொண்டிருந்தேன். தொடர் கண்காணிப்பு என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் பகல் மூன்று மணிக்குச் சுலோசனா அம்மாளே கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டது அது ஒருமுறைதான்.

"தம்பி, மருமகன் வந்திருக்கான். முசேவ மூட்டையில கட்டி எங்கியாச்சும் உட்டுட்டு வரேன்றான். கண்ணு வேற போயிடுச்சு தம்பி அவருக்கு. சொறிஞ்சி சொறிஞ்சி எடது கண்ண தொறக்கவே மாட்டேன்றாரு."

எங்கள் பதிவேட்டில் கண்ணைக் குறிக்க இடம் கிடையாது. மையத்தில் சேர்த்துக்கொள்கிறோம், குணமானதும் கொண்டு வந்து விடுகிறேன் என்று ஆட்டோவில் போய் அழைத்து வந்தேன். மெத்தையையும் எடுத்துப் போகும்படி சுலோசனா அம்மாள்தான் நினைவுபடுத்தினார். "மருந்த விட்டுட்டுப் போறியே தம்பி."

மையத்தில் இடமில்லை. எனவே என் அறையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆறு மணிக்குக் கேட்பது அவர், சொல்வது நான் என்று ஆனது. இதை நான் திட்டமிடவில்லை. "இன்னைக்கு எத்தனை தம்பி?" என்பார். வருத்தப்படக் கூடாதே என்று நாளுக்கு நாள் குறைத்துச் சொல்லி வந்தேன். எட்டு, ஆறு, நான்கு. மணி என் காலடியில் ஒலிக்கும். அவர் உடனே வைக்க மாட்டார். அவரும் சும்மா இருப்பார், நானும் சும்மா இருப்பேன். முசே எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பதினெட்டாம் நாள் "சைபர்மா" என்றேன். அவர் பேசவில்லை. தெருச் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நாப்பத்தி மூணு" என்றார்.

"என்னம்மா?"

"எண்ணினேன். நீ சைபருன்னு சொன்னப்புறம் நாப்பத்தி மூணு. அப்ப அந்த மணிய யாரு தம்பி ஆட்டறாங்க?"

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவரும் துண்டிக்கவில்லை. பத்தொன்பது நிமிடம் அப்படியே இருந்தோம். எங்கள் அழைப்புகளில் மிக நீண்டது அதுதான். அன்று மதியமே அவர் மையத்துக்குப் போய், அங்கே எந்த நாயும் இல்லை என்று பார்த்திருக்கிறார். நான் போன் செய்தபோது கலைவாணியோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். இது எனக்குக் கதவு தட்டப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

சுலோசனா அம்மாள் என்னைத் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து முசேயை மடியில் எடுத்துக்கொண்டார். அது நல்ல கண்ணால் அவரைப் பார்த்துவிட்டு மறுபடி சொறிந்தது. அவர் மெத்தையை இழுத்து விரலால் அழுத்தினார்.

"ஆள் படுத்த பஞ்சுன்னு அன்னைக்கே சொன்னேன். நீதான் படுத்ததா?"

"ஆமாம்மா."

"இத நானே தூக்கித் தூக்கி அவர இதுல போட்டேன்" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை. முசேயின் கழுத்து ரணமாக இருந்ததால் பட்டையைக் கழற்றினார். மணியை என் மேசைமேல் வைத்தார். "இனிமே எண்ண வேணாம்" என்றார்.

முசே இப்போது சாரத்தில் இருக்கிறது. சிமெண்டுத் தரையில், வெயில் படும் இடத்தில் படுக்கிறதாம். சொறிவது நின்றுவிட்டது, பிரேம்குமாரே அதைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார், குழந்தையின் தூளிக்குக் கீழே ஒற்றைக் கண்ணை மூடித் தூங்குகிறது என்று கலைவாணி சொன்னார். எண் என்ன என்று கேட்டேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சுலோசனா அம்மாள் போன் எண்ணை மாற்றிவிட்டார்.

மெத்தைகளைச் செய்தது நான். கொடுத்தது நான். விதி என்று பொய் சொன்னது நான். ஒரு கண்ணுக்கும், கோரிமேட்டு நாய்க்கும், டாக்டரின் பதினோரு வருடத்துக்கும் நானே காரணம் என்று குழு எழுதியிருப்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். உணர்ச்சியற்றவன் என்று எழுதியிருப்பதை மட்டும் நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

மணி என்னிடம்தான் இருக்கிறது. தொலைந்துவிடக் கூடாது என்று வலது கையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறு மணி ஆனதும் பழக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். நேற்று ஒரு நிமிடத்தில் முப்பத்தெட்டு. இன்று இதை எழுதும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன், அறையில் காற்றே இல்லை, பிறகு அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இந்தத் தாளில் அங்கங்கே இருக்கும் சிவப்புக் கறைகளைக் குழு தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சொறியும் பழக்கம் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.